பொம்மைச் சோதனைக்குப் பின்னால் இருந்த முதுகலை மாணவி: யார் இந்த மேமி ஃபிப்ஸ் கிளார்க்?

அமெரிக்கப் பள்ளிகளில் கறுப்பினக் குழந்தைகளையும் வெள்ளையினக் குழந்தைகளையும் சட்டம் போட்டுப் பிரித்து வைத்தது செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த நாள் 1954 மே 17. ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்ன தீர்ப்பு அது. இதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் கூடவே ஒரு பொம்மைச் சோதனையும் வந்துவிடும். அதைச் செய்தவர் உளவியலாளர் கென்னத் கிளார்க் என்று பல இடங்களில் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

ஆனா, அந்த ஆய்வின் தொடக்கம் கென்னத் இல்லை. அவருடைய மனைவி மேமி. ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டத்துக்காக அவர் எழுதிய ஆய்வேடுதான் அதற்கு விதை. அப்போது அவர் வயது 22-ஐத் தாண்டவில்லை. தான் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவன்தான் என்று கென்னத்தே பிற்காலத்தில் பலமுறை ஒப்புக்கொண்டிருக்கிறார்.

குழந்தைகளின் மனவளர்ச்சியைப் படிக்கும் உளவியலாளராக ஒருவர் தயாராவதற்கு முதுகலை, பிஎச்.டி., பயிற்சிப் பணி என்று பல வருடங்கள் ஆகும். மேமியும் அந்தப் படிகளில் ஏறியவர்தான். அவர் ஏறிய ஒவ்வொரு படியிலும் என்ன நடந்தது என்று பார்த்தால்தான் 1954 தீர்ப்பின் மறுபக்கம் புரியும்.

கணக்கு படிக்கப் போனவர்

மேமி கேத்தரின் ஃபிப்ஸ் 1917-ல் அர்கான்சாஸ் மாநிலத்தின் ஹாட் ஸ்பிரிங்ஸ் ஊரில் பிறந்தார். வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போன ஊர் அது. அப்பா ஹெரால்டு ஃபிப்ஸ் மருத்துவர். மேற்கிந்தியத் தீவுகளில் இருந்து வந்தவர். சாப்பாட்டுக்கும் துணிமணிக்கும் குறையில்லாத வீடுதான். ஆனாலும் கதவைத் திறந்து வெளியே வந்தால் எந்தக் கடைக்குள் போகலாம், எதற்குள் போகக் கூடாது என்பது மேமிக்குத் தெரிந்தாக வேண்டும். சின்ன வயதில் சொந்த ஊரில் நடந்த ஒரு கும்பல் கொலை கடைசிவரை அவர் நினைவில் இருந்தது.

கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கப்பட்ட பள்ளியில் படித்து முடித்து, 1934-ல் உதவித்தொகையோடு வாஷிங்டனின் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். எடுத்த பாடம் கணிதம், துணைப்பாடம் இயற்பியல். கணிதத் துறையிலோ பேராசிரியர்கள் மாணவிகளைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அதே வளாகத்தில் உளவியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தார் கென்னத் கிளார்க். உளவியல் படித்தால் உனக்குப் பிடித்த மாதிரி குழந்தைகளோடு வேலை செய்யலாமே என்று யோசனை சொன்னது அவர்தான். மேமி துறை மாறினார்.

அந்தத் துறையின் தலைவர் ஃபிரான்சிஸ் சம்னர். அமெரிக்காவில் உளவியலில் பிஎச்.டி. பெற்ற முதல் கறுப்பினத்தவர், 1920-ல். அவர் கட்டி எழுப்பிய துறையில் இருந்துதான் அந்தக் காலத்துக் கறுப்பின உளவியலாளர்கள் நிறையப் பேர் வந்தார்கள்.

இடையில் ஒரு காதல் கதையும் உண்டு. படிப்பு முடிவதற்குள் கல்யாணமா என்று மேமியின் வீட்டில் எதிர்ப்பு. 1937-ல் இருவரும் வீட்டுக்குத் தெரியாமல் திருமணம் செய்துகொண்டார்கள். 1938-ல் மேமி சிறப்பு நிலையில் இளங்கலைப் பட்டம் வாங்கினார்.

திருப்பம் தந்த கோடை விடுமுறை

பட்டம் வாங்கிய கையோடு அந்தக் கோடையில் மேமி ஒரு வேலைக்குப் போனார். வில்லியம் ஹூஸ்டன் என்ற வழக்கறிஞரின் அலுவலகத்தில் செயலாளர் வேலை. கறுப்பின மக்களின் உரிமை வழக்குகள் தயாரான இடம் அது. பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியான துர்குட் மார்ஷல் போன்றவர்கள் வந்து போனார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினையை எப்படி உடைப்பது என்று அங்கே விவாதித்தார்கள்.

நிறப் பிரிவினை என்பது ஏதோ இயற்கை நியதி போல இருந்த ஊரில் வளர்ந்த பெண்ணுக்கு, இதை நீதிமன்றத்தில் கேள்வி கேட்கலாம் என்பதே அங்கேதான் உறைத்தது. முதுகலை ஆய்வுக்கு என்ன தலைப்பு எடுப்பது என்ற யோசனையும் அதே சமயம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

முதுகலை ஆய்வேட்டில் என்ன இருந்தது?

முதுகலை ஆய்வேடு பெரும்பாலும் பைண்டிங் போட்டு அலமாரியில் வைப்பதோடு முடிந்துவிடும். மேமியுடையது அப்படி முடியவில்லை.

அவர் எடுத்துக்கொண்ட கேள்வி, தான் ஒரு கறுப்பினக் குழந்தை என்பது ஒரு குழந்தைக்கு எந்த வயதில் தெரிய வருகிறது என்பது. பெரியவர்களிடம் படிவம் கொடுத்து நிரப்பச் சொல்லிவிடலாம். மூன்று வயதுப் பிள்ளையிடம் அது நடக்குமா? அதனால் படங்களை எடுத்துக்கொண்டார். வாஷிங்டனில் கறுப்பினக் குழந்தைகளுக்கென்று இருந்த மழலையர் பள்ளிகளுக்குப் போனார். வெள்ளைச் சிறுவன், கறுப்புச் சிறுவன், சிங்கம், நாய், கோமாளி, கோழி என்று கோட்டோவியங்களைக் காட்டி, இதில் நீ யார் என்று ஆண் பிள்ளைகளிடம் கேட்டார். பெண் பிள்ளைகளிடம் தம்பியையோ உறவுக்காரப் பையனையோ காட்டச் சொன்னார். 3, 4, 5 வயதுகளில் மொத்தம் 150 குழந்தைகள்.

மிகச் சின்னப் பிள்ளைகளில் சிலர் சிங்கத்தையும் கோமாளியையும் காட்டினார்கள். கொஞ்சம் வயது ஏறியதும் அது நின்றுபோனது. தங்கள் நிறத்தை அடையாளம் கண்டு படத்தை எடுத்தார்கள். பள்ளிக்கூடம் போகும் முன்பே, எழுத்து தெரியும் முன்பே, நிறம் தெரிந்துவிடுகிறது. இதுதான் அந்த ஆய்வின் சாரம். 1939-ல் மேமிக்கு முதுகலைப் பட்டம் கிடைத்தது. அதையொட்டித் தம்பதியின் பெயரில் கட்டுரைகள் வெளிவரத் தொடங்கின.

இந்த வேலையைத் தொடர்வதற்காக ரோசன்வால்டு அறக்கட்டளையின் ஆய்வு உதவித்தொகைக்கு மேமி விண்ணப்பித்தார். கிடைத்தது. படங்களோடு நிற்காமல் பொம்மைகளையும், வண்ணம் தீட்டச் சொல்லும் முறையையும் பயன்படுத்துவது என்ற திட்டம் அந்த விண்ணப்பத்தோடு வந்ததுதான். கவனிக்க: உதவித்தொகை மேமியின் பெயரில்.

எதிர்ப்பாளரையே கைடாக எடுத்தது ஏன்?

அப்போது ஹோவர்டில் உளவியலில் பிஎச்.டி. கிடையாது. எனவே மேமி நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே உளவியல் பிஎச்.டி. வகுப்பில் அவர் ஒருவர்தான் கறுப்பினத்தவர். அங்கே உளவியலில் பிஎச்.டி. பெற்ற முதல் கறுப்பினத்தவர் கென்னத், 1940-ல். இரண்டாமவர் மேமி, 1943-ல்.

இங்கேதான் பலருக்கும் புரியாத ஒரு முடிவை மேமி எடுத்தார். தன் நெறியாளராக ஹென்றி கேரட்டைத் தேர்ந்தெடுத்தார். வர்ஜீனியாவைச் சேர்ந்த கேரட் புள்ளியியலிலும் மனத்திறன் அளவீட்டிலும் பெரிய கை. பின்னாளில் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராகவும் இருந்தவர். கறுப்பினத்தவருக்கு அறிவுத்திறன் பிறப்பிலேயே குறைவு என்று நம்பியவரும்கூட. இது தெரிந்தேதான் மேமி அவரிடம் சேர்ந்தார். இந்தப் பெண் பட்டம் வாங்கிக்கொண்டு தெற்கே போய் ஏதாவது கறுப்பினப் பள்ளியில் பாடம் நடத்துவார் என்பதுதான் கேரட்டின் கணக்கு.

மேமியின் கணக்கு வேறு. குழந்தைகளை மந்தம் என்றும் கெட்டிக்காரர் என்றும் முத்திரை குத்துகிற அளவுகோல் எப்படித் தயாராகிறது, அதன் கணக்கு எங்கே நிற்கும், எங்கே நிற்காது என்பதை அதில் கைதேர்ந்தவரிடமே கற்றுக்கொள்வது. கணிதம் படித்தவர் என்பதால் எண்களைக் கண்டு பயமும் இல்லை.

அவருடைய பிஎச்.டி. ஆய்வு பொம்மையைப் பற்றியதோ இனத்தைப் பற்றியதோ இல்லை என்பது பலருக்குத் தெரியாது. வயது ஏற ஏற அடிப்படை மனத்திறன்கள் எப்படி மாறுகின்றன என்பதுதான் தலைப்பு. மொழித்திறன், எண்திறன், நினைவாற்றல் போன்றவை ஒன்றோடொன்று எவ்வளவு பின்னியிருக்கின்றன, வளர வளர அந்தப் பிணைப்பு என்ன ஆகிறது என்ற கேள்வி. அசல் வளர்ச்சி உளவியல். ஐக்யூ என்ற ஒற்றை எண்ணை வைத்துக் குழந்தையின் தலையெழுத்தை எழுதுகிறவர்களுக்குப் பதில் சொல்ல, பின்னாளில் அவருக்குக் கைகொடுத்தது இந்தப் பயிற்சிதான்.

இத்தனைக்கும் நடுவில் 1940-ல் மகள், 1943-ல் மகன். கைக்குழந்தையோடுதான் பிஎச்.டி. முடிந்தது.

சரி, பொம்மைச் சோதனை என்பது என்ன?

நான்கு பொம்மைகள். இரண்டு பழுப்பு நிறம், கறுப்பு முடி. இரண்டு வெள்ளை நிறம், மஞ்சள் முடி. மற்றபடி எல்லாம் அச்சு அசல் ஒரே மாதிரி. 3 முதல் 7 வயது வரையிலான 253 கறுப்பினக் குழந்தைகளிடம் இவற்றைக் காட்டினார்கள். 134 பேர் அர்கான்சாஸில் தனிப் பள்ளிகளில் படித்தவர்கள். 119 பேர் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் எல்லோருடனும் சேர்ந்து படித்தவர்கள்.

கேள்விகள் எளிமையானவை. உனக்கு விளையாடப் பிடித்த பொம்மை எது, நல்ல பொம்மை எது, மோசமாகத் தெரிவது எது என்று ஆரம்பித்து, கடைசியில் உன்னைப் போல இருக்கும் பொம்மையைக் கொடு என்பதில் முடியும். இந்த வரிசைதான் சோதனையின் உயிர். முதலில் பிடித்தது, பிடிக்காதது. அப்புறம் நிறம். எல்லாம் சொல்லி முடித்த பிறகு, உன்னைப் போல எது?

மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் விளையாட வெள்ளைப் பொம்மையைக் கேட்டார்கள். மோசமாகத் தெரிவது பழுப்புப் பொம்மை என்றவர்கள் 59 சதவீதம். எது வெள்ளை, எது கறுப்பு என்று கேட்டபோது 90 சதவீதத்துக்கும் மேல் சரியாகச் சொன்னார்கள். ஆக, நிறம் தெரியாமல் இல்லை. ஆனால் உன்னைப் போல எது என்ற கேள்விக்கு மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைத்தான் எடுத்தார்கள். மோசம் என்று சற்று முன் கைகாட்டிய பொம்மைதான் நான் என்று சொல்ல வேண்டிய இடம் வந்ததும், சில பிள்ளைகள் அழுதுகொண்டே அறையை விட்டு ஓடினார்கள்.

இந்த ஆய்வுக்கு விமர்சனமும் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். தனிப் பள்ளிதான் காரணம் என்றால், சேர்ந்து படித்த வடக்குக் குழந்தைகளிடம் வெள்ளைப் பொம்மை மோகம் குறைந்திருக்க வேண்டும் அல்லவா? உண்மையில் அங்கே சற்று அதிகமாகவே இருந்தது. பொம்மையைத் தேர்ந்தெடுப்பதை வைத்துக் குழந்தையின் தன்மதிப்பை எடைபோடலாமா என்ற கேள்வியும் எழுந்தது. பாதிப்பு பள்ளிக்கூடச் சுவரோடு நிற்பதில்லை, மொத்தச் சமூகமும் குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடம் அது என்பது கிளார்க் தம்பதியின் நிலைப்பாடு. எண்களை மறைக்காமல் வெளியிட்டதால்தான் இந்த விவாதமே சாத்தியமானது.

பட்டம் வாங்கியாச்சு, வேலை?

கொலம்பியா பிஎச்.டி. கையில். ஆனால் நியூயார்க்கில் ஒரு கறுப்பினப் பெண் உளவியலாளருக்குத் தகுதிக்கேற்ற வேலை கொடுக்க ஆள் இல்லை. கென்னத்துக்குக் கல்லூரியில் வேலை கிடைத்தது. மேமிக்குக் கிடைத்தது செவிலியர்கள் பற்றிய புள்ளிவிவரங்களை அலசும் வேலை. பிறகு ராணுவம் சார்ந்த கல்வி நிறுவனம் ஒன்றில் ஆய்வுப் பணி. இரண்டிலும் குழந்தைகள் இல்லை.

வீடற்ற கறுப்பினச் சிறுமிகளுக்கான காப்பகம் ஒன்றில் உளவியல் சோதனைகள் செய்யும் வேலைக்கு வந்தபோதுதான் அவர் படிப்புக்கும் வேலைக்கும் தொடர்பு ஏற்பட்டது. அங்கே அவர் கண்டது, மனநல உதவி தேவைப்படும் கறுப்பினக் குழந்தைகளுக்குப் போக இடமே இல்லை என்பதை. இருக்கிற அமைப்புகளிடம் சேவையை ஹார்லெமுக்கும் விரிவுபடுத்துங்கள் என்று தம்பதி கேட்டுப் பார்த்தார்கள். யாரும் அசையவில்லை.

கடைசியில் அப்பாவிடம் 946 டாலர் கடன் வாங்கி, 1946-ல் ஹார்லெமின் டன்பார் அடுக்குமாடிக் குடியிருப்பின் அடித்தளத்தில் ஒரு மையத்தைத் தொடங்கினார் மேமி. அதுதான் நார்த்சைடு மையம்.

ஒரு எண், ஒரு குழந்தை

தொடங்கிய கொஞ்ச நாளிலேயே பெற்றோர்கள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். என் பிள்ளைக்கு அறிவு வளர்ச்சி இல்லை என்று பள்ளியில் சொல்லித் தனி வகுப்பில் போட்டுவிட்டார்கள், உண்மையா என்று பாருங்கள் என்பது அவர்கள் கோரிக்கை.

மேமியும் அவருடைய குழுவும் அந்தக் குழந்தைகளை முறைப்படி சோதித்தார்கள். பெரும்பாலான குழந்தைகளின் ஐக்யூ, அந்த வகுப்புக்கு வரையறுத்திருந்த அளவைவிட மேலே இருந்தது. அதாவது அவர்களை அங்கே உட்கார வைத்ததே சட்டப்படி தவறு. பள்ளிகளோடு மோதி அந்த முடிவுகளை மாற்ற வைத்தார்கள். கேரட்டிடம் கற்ற அளவுகோல் இப்போது யார் பக்கம் பேசுகிறது பாருங்கள்.

மையத்துக்குள்ளேயும் ஒரு மோதல் இருந்தது. குழந்தையை அறைக்குள் வைத்து உளப்பகுப்பாய்வு செய்தால் போதும் என்று ஒரு தரப்பு. வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு முதலில் வாசிக்கச் சொல்லிக்கொடுங்கள், வீட்டையும் தெருவையும் பள்ளியையும் சேர்த்துப் பாருங்கள் என்பது மேமியின் தரப்பு. அவர் விட்டுக்கொடுக்கவில்லை. வாசிப்புப் பயிற்சியும் கணக்குப் பயிற்சியும் சிகிச்சையின் அங்கமாகின. கல்வி உளவியலும் வளர்ச்சி உளவியலும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்த இடம் என்று நார்த்சைடைச் சொல்லலாம்.

நீதிமன்றத்தில் ஆசிரியரும் மாணவியும்

1951 ஏப்ரலில் வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்டு மாவட்டத்தில், பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயது மாணவியின் தலைமையில் கறுப்பினப் பள்ளி மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இடநெருக்கடி, மோசமான கட்டடம். அது வழக்காகி 1952-ல் ரிச்மண்டில் விசாரணைக்கு வந்தது.

பிரிவினைக்கு ஆதரவாக வர்ஜீனியா தரப்பு கொண்டுவந்த முக்கிய நிபுணர் சாட்சி ஹென்றி கேரட். வசதிகள் சமமாக இருந்தால் தனித்தனிப் பள்ளிகளால் கேடு இல்லை என்பது அவர் வாதம். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ராபர்ட் கார்ட்டருக்கு ஒரு யோசனை வந்தது. கேரட்டின் வாதத்தை மறுக்க, அவரிடமே பிஎச்.டி. படித்தவரைவிடப் பொருத்தமான ஆள் யார்?

மேமி சாட்சிக் கூண்டில் ஏறினார். தன் கல்வித் தகுதியைச் சொல்லும்போது நெறியாளர் பெயரும் அதில் ஒரு பகுதி. மாணவியின் தகுதி பொய் என்றால் ஆசிரியர் கொடுத்த பட்டமும் பொய் என்றாகிவிடும்! பிரிவினை குழந்தையின் மனதைப் பாதிக்கிறது என்று அவர் சாட்சியம் சொன்னார்.

உடனே வெற்றி கிடைத்துவிட்டதா? இல்லை. மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு பிரிவினை செல்லும் என்றது. ஆனால் அந்த வழக்கு மேல்முறையீட்டில், பிரவுன் வழக்கு என்று உலகம் அறிந்த தொகுப்பில் சேர்ந்தது. 1896 முதல் அசையாமல் நின்ற தனித்தனி ஆனால் சமம் என்ற கோட்பாடு, பள்ளிகளைப் பொறுத்தவரை 1954-ல் உடைந்தது. தீர்ப்பின் 11-வது அடிக்குறிப்பில் உளவியல் ஆய்வுகள் இடம்பெற்றன. முதலில் இருந்த பெயர் கென்னத் கிளார்க். மேமியின் பெயர் அதில் இல்லை.

அதே பிரின்ஸ் எட்வர்டு மாவட்டம், தீர்ப்புக்குக் கட்டுப்படுவதற்குப் பதிலாக 1959-ல் எல்லாப் பொதுப் பள்ளிகளையும் இழுத்து மூடியது. 1964 வரை அவை திறக்கப்படவில்லை. கேரட் கடைசிவரை தன் கருத்தை மாற்றிக்கொள்ளாமல், இன ஒருங்கிணைப்புக்கு எதிராக எழுதிக்கொண்டே இருந்தார்.

தீர்ப்புக்குப் பிறகு

கென்னத் புகழின் உச்சிக்குப் போனார். அமெரிக்க உளவியல் சங்கத்தின் முதல் கறுப்பினத் தலைவரானார். மேமி ஹார்லெமை விட்டு நகரவில்லை. மையம் இடம் மாறியது, பெரிதானது, பணமுடை வந்து போனது. காலையில் வந்து கோப்புகளைப் பார்ப்பது, பள்ளிகளோடு பேசுவது, பெற்றோரைச் சந்திப்பது என்று 33 வருடங்கள். இயக்குநர் நாற்காலியில் இருந்து அவர் எழுந்தது 1979-ல்தான்.

1983 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கை அடுத்த ஹேஸ்டிங்ஸ் ஆன் ஹட்சனில் உள்ள வீட்டில் மேமி ஃபிப்ஸ் கிளார்க் புற்றுநோயால் காலமானார். 946 டாலர் கடனில் அடித்தளத்தில் தொடங்கிய நார்த்சைடு மையம் இன்றும் ஹார்லெமில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.